தாய்லாந்து வேலை: அக்கா மகனை மே சாட்டுக்கு அனுப்பலாமா?

கோட்டையூரான்:
அக்கா மகன் பி.சி.ஏ. முடித்துவிட்டுக் காரைக்குடியில் ஜெராக்ஸ் கடையில் நிற்கிறான். டெலிகிராமில் ஒரு ஏஜெண்ட் மாதம் 80,000 என்கிறார். டிக்கெட் இலவசமாம். டூரிஸ்ட் விசாவில் பாங்காக் வந்தால் அங்கிருந்து காரில் மே சாட் கூட்டிப் போவார்களாம். எங்கள் ஐயா பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் பார்க்கப் போனவர். வீட்டுத் தூணெல்லாம் அந்தத் தேக்குதான். வெளிநாடு என்றால் எங்களுக்குப் பயமில்லை. ஆனால் மேப்பில் மே சாட் பர்மா எல்லையை ஒட்டி இருக்கிறது. அதுதான் உறுத்துகிறது.

தேவகோட்டை வாசி:
டூரிஸ்ட் விசாவில் வேலை பார்ப்பதே சட்டப்படி தப்பு. ஏஜெண்ட் பெயர் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைகிரேட் தளத்தில் இருக்கிறதா, பாருங்கள்.

புதுவயல் தம்பி:
அண்ணே, அனுப்பாதீர்கள். நான் அதே வழியில் போனவன். ராத்திரியில் மோய் ஆற்றைப் படகில் தாண்டவைத்தார்கள். அக்கரை மியான்மரின் மியாவடி ஊர். பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, பெண் பெயரில் சாட் பண்ணி ஆட்களைக் கிரிப்டோவில் பணம் போடவைக்கச் சொன்னார்கள். டார்கெட் முடியாவிட்டால் கரண்ட் ஷாக். ஒரு நாள் மாட்டியவர் ரிட்டயர்டு வாத்தியார், தமிழ்க்காரர். "சாப்பிட்டியாம்மா?" என்று தினமும் கேட்பார். அவர் பணம் போனது இன்னும் என் நெஞ்சில் கிடக்கிறது.

போலீஸ் ஏன் வரவில்லை என்கிறீர்களா? வாசலில் துப்பாக்கியோடு நின்றதே அந்த ஊர்ப் படைதான். 2021-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு மியான்மர் முழுக்கச் சண்டை. கரேன் இனத்தவரின் ஆயுதப் படையான கரேன் எல்லைக் காவல் படை மோசடிக் கும்பல்களுக்கு இடம் கொடுத்துக் காசு பார்த்தது. அதன் தலைவர் சா சிட் து மீது 2025 மே மாதம் அமெரிக்கா தடை போட்டது. சண்டை இருக்கிற வரை சட்டம் உள்ளே நுழையாது. வாத்தியார் காசு அந்தப் படைக்கும் போனது. மியான்மரில் மட்டும் குறைந்தது 1,20,000 பேர் இப்படி அடைபட்டிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023-ல் சொன்னது.

2025 பிப்ரவரியில் தாய்லாந்து அந்தப் பக்கத்துக்குப் போகிற கரண்டை நிறுத்தியது. கெடுபிடி கூடியதும் எங்களை வெளியே விட்டார்கள். மார்ச் 10-ல் விமானப்படை விமானத்தில் வந்த 283 பேரில் நானும் ஒருவன்.

கோட்டையூரான்:
ஐயா காலத்தில் சம்பளச் சீட்டு என்று வேலை ஒப்பந்தம் எழுதித்தான் கப்பல் ஏறுவார்கள், முதலாளி பக்கத்து ஊர்க்காரராக இருப்பார். இங்கே முதலாளி பெயரே தெரியவில்லை. பாஸ்போர்ட்டை வாங்கி என் பீரோவில் பூட்டிவிட்டேன் தம்பி. புகார் எங்கே கொடுப்பது?

புதுவயல் தம்பி:
சிவகங்கை மாவட்ட சைபர் கிரைமில் கொடுங்கள். ஏஜெண்டோடு பேசிய டெலிகிராம் சாட்டை அழிக்க வேண்டாம். அப்புறம், கூட வேறு யார் கிளம்புகிறார்கள் என்று அவனிடம் கேளுங்கள். என்னோடு அந்தக் காரில் ஆறு பேர் இருந்தோம்.