புதுப்பிப்பு: மேற்கு பார்த்த அறையின் வெக்கை குறைந்ததா?

மொட்டை மாடிக்கு நேர் கீழே, மேற்கு பார்த்த ஜன்னலோடு இருக்கும் படுக்கையறை ராத்திரி 11 மணிக்கும் கொதிக்கிறது, என்ன செய்யலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். செய்து பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் தடித்த திரைச்சீலை. பெரிய பலன் இல்லை. சாயங்காலம் 4 மணிக்குத் திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவே கையை விட்டால் அடுப்பங்கரை அனல். வெயில் கண்ணாடியைத் தாண்டிவிட்டால் அந்தச் சூடு அறைக்குள்தான் சுற்றும். வெளிப்பக்கம் மூங்கில் தட்டி கட்டித் தொங்கவிட்ட பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது. இப்போது கண்ணாடியைத் தொட்டால் சுடுவதில்லை.

அப்புறம் மாடிக்கு வெள்ளைப் பூச்சு, இரண்டு கோட். முன்பு மத்தியானத்தில் வெறுங்காலை வைக்க முடியாது. இப்போது நின்று துணி காயப்போட முடிகிறது. தூசி படிந்தால் பலன் குறையும், அவ்வப்போது கழுவிவிட வேண்டும்.

பகலில் ஜன்னலைத் திறந்து வைத்திருந்ததுதான் என் முட்டாள்தனம். வெளியே 38 டிகிரி, உள்ளே 33. அனலை நானே கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறேன்! இப்போது காலை 8 மணிக்கெல்லாம் அடைத்துவிடுகிறேன். இருட்டி வெளிக்காற்று குளிர்ந்ததும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து, ஒன்றில் டேபிள் ஃபேனை வெளியே பார்த்தபடி வைக்கிறேன். அது சூட்டை வெளியே தள்ள, எதிர்ப்பக்கத்திலிருந்து நல்ல காற்று வருகிறது.

ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடுவதையும் நிறுத்தியாச்சு. அது வியர்வையை ஆற்றுமே தவிர அறையைக் குளிர்விக்காது. ஈரத்துணி தொங்கவிடும் யோசனை மட்டும் எடுபடவில்லை. புழுக்க நாளில் கசகசப்புதான் கூடியது.

ஏசி இன்னும் வாங்கவில்லை.