புறக்கண்ணாடியா, பின்கண்ணாடியா? உட்பூச்சா, ரசமா?

தாராவியிலிருந்து:

எல்லோருக்கும் வணக்கம். சனிக்கிழமை காலை ஒரு பாடத்தாள் அச்சுக்குப் போக வேண்டும். இரண்டு சொற்களில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

மாலை வகுப்பில் போன் பழுதுபார்க்கக் கற்கும் பிள்ளைகளுக்காக எழுதுவது இது. நிறம் மங்கிய கண்ணாடி முதுகுக்கு வீட்டிலேயே பெயிண்ட் அடிப்பது எப்படி என்பதுதான் பாடம். அந்த நிறம் கண்ணாடியின் உள்பக்கம் இருக்கிறது. சூடு காட்டிக் கண்ணாடியைக் கழற்ற வேண்டும், உள்ளே இருக்கும் பழைய பூச்சைக் கரைத்து எடுக்க வேண்டும், அப்புறம் அதே உள்பக்கத்தில் புது நிறம் அடிக்க வேண்டும். இதற்குப் 'பின்பூச்சு' என்று எழுதியிருந்தேன். நேற்று ஒரு பையன் அதைக் 'கடைசியில் அடிக்கும் பூச்சு' என்று எடுத்துக்கொண்டு, போனைக் கழற்றாமலே வெளிப்பக்கம் அடித்துவிட்டான். அவன் அக்காவின் போன் அது. என் சொல்தான் அவனை ஏமாற்றியது. அந்தக் கண்ணாடிக்கு ஒரு பெயரும் அந்தப் பூச்சுக்கு ஒரு பெயரும் வேண்டும். உதவுங்கள்.

மாட்டுங்காவிலிருந்து:

அம்மா, உங்கள் பையன்மேல் பிழையில்லை. ஏழாம் வேற்றுமைக்கு இடப்பொருள் தரும் சொற்களைத் தொல்காப்பியர் அடுக்கும்போது உள், புறம், அகம், முன், பின் எல்லாவற்றையும் சேர்த்தே சொல்கிறார். அவற்றில் முன்னும் பின்னும் இடத்தோடு நிற்கவில்லை, காலத்துக்கும் போய்விட்டன. அகம், புறம் இரண்டும் இடத்திலேயே நின்றன. ஆகவே கண்ணாடிக்குப் 'புறக்கண்ணாடி' என்பதே பொருத்தம். புறங்கை என்றால் கையின் பின்பக்கம், புறங்காட்டினான் என்றால் முதுகு காட்டினான். போனுக்கும் அது முதுகுதானே?

பூச்சுக்கு வருவோம். பெயிண்ட் வேண்டாம், சாயம் துணிக்கு உரியது, வண்ணம் வடசொல்லா இல்லையா என்று இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். 'குருவும் கெழுவும் நிறனா கும்மே' என்கிறது தொல்காப்பியத்தின் உரியியல். குரு என்றாலே நிறம். 'அகக்குரு' என்று வைத்தால் இரண்டே சொல்லில் இடமும் நிறமும் வந்துவிடும். இந்தச் சொல்லை மீட்டெடுக்க இதைவிட நல்ல வாய்ப்பு வராது.

செம்பூரிலிருந்து:

ஐயா, மன்னிக்க வேண்டும். மும்பையில் மே மாதத்தில் 'குரு' என்று எழுதினால் படிக்கிறவர் கை முதுகைச் சொறியத்தான் போகும். வேர்க்குரு தவிர வேறு எதுவும் நினைவுக்கு வராது. உரியியல் தெரிந்தவருக்கு இந்தப் பாடத்தாள் தேவைப்படாது.

'புறக்கண்ணாடி'யிலும் சிக்கல் இருக்கிறது. புறம் என்றால் வெளி என்றும் பொருள். திரையின் மேல் இருக்கும் கண்ணாடியும் வெளியில்தான் இருக்கிறது. மாற்றச் சொன்னால் எதை மாற்றுவது? பின்கண்ணாடி என்றே வைப்போம். கண்ணாடி என்ற பொருளோடு சேரும்போது 'பின்' இடத்தைத்தான் காட்டும். பூசுதல் என்ற செயலோடு சேரும்போதுதான் காலத்துக்கு நழுவுகிறது. பூச்சுக்கு 'உட்பூச்சு' போதும்.

சயான் கோலிவாடாவிலிருந்து:

நான் கடை வைத்திருக்கிறவன், இலக்கணம் தெரியாது. கடையில் பேக் கிளாஸ் என்றுதான் சொல்கிறோம். லாமிங்டன் ரோட்டில் பாகம் வாங்கப் போனாலும் அதுதான் பேச்சு. பிள்ளைகள் நாளைக்கு அங்கேதான் போய் நிற்கப் போகிறார்கள் என்பதால் அந்தச் சொல்லும் தாளில் ஒரு தடவையாவது வரட்டும்.

பாடத்தில் இதையும் சேருங்கள், டீச்சர். சில போன்களில் நிறம் பூச்சாகவே இருக்காது, ஒட்டிய படலமாக இருக்கும், உரித்தால் தாள் மாதிரி வரும். உலோகத்தூள் கலந்த பெயிண்ட் வேண்டாம். வயர் இல்லாமல் சார்ஜ் ஏறுவது தடைபடும். முதுகைக் கண்ணாடியில் செய்வதற்கு அதுவும் ஒரு காரணம். மழைக்காலத்தில் அடிக்காதீர்கள். ஈரக் காற்றில் பூச்சு வெள்ளையாகப் பூத்துப்போகும். தின்னர் வாடைக்கு ஜன்னல் திறந்திருக்க வேண்டும். ஒற்றை ஜன்னல் கோலியில், அதாவது ஒரே அறை வீட்டில், இருக்கும் பிள்ளைகள் மாடியிலோ வாசலிலோ செய்யட்டும்.

ஒரு நாள் நான் அடிப்பதைப் பார்த்து என் அம்மா, "என்னடா, கண்ணாடிக்கு ரசம் போடுறியா?" என்று கேட்டார். அந்தச் சொல் ஆகுமா?

செம்பூரிலிருந்து:

அண்ணாச்சி, இதுதான் சொல்! 'ரசம் போன கண்ணாடி' என்று தமிழில் யாருக்குப் புரியாது? கண்ணாடியின் மறுபக்கம் இருந்துகொண்டு முன்பக்கத்துக்குத் தோற்றம் கொடுப்பது ரசம். நமக்கு வேண்டியதும் அதே. நாம் நாலு நாளாகத் தேடுவது உங்கள் அம்மா வாயில் இருந்திருக்கிறது.

மாட்டுங்காவிலிருந்து:

அழகான சொல், ஆனால் ஏற்க முடியவில்லை. முதலில், ரசம் வடசொல். அடுத்து, அது பாதரசம். பழைய நிலைக்கண்ணாடிகளில் வெள்ளீயத்தகட்டையும் பாதரசத்தையும் சேர்த்துப் பதித்தார்கள். 1835இல் ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் வெள்ளி படியவைக்கும் முறையைக் கண்டபிறகு பாதரசம் மெல்ல விலகியது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. மூன்றாவது, ரசம் உருவத்தைத் திருப்பிக் காட்டும். சிவப்புப் பெயிண்ட் எதைத் திருப்பிக் காட்டும்?

செம்பூரிலிருந்து:

பாதரசம் போனபிறகும் பெயர் நின்றதென்றால், ஐயா, அந்தப் பெயர் வேலையைக் குறிக்கிறது என்றுதானே அர்த்தம்?

முலுண்டிலிருந்து:

தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியத்தை யாரும் சொல்லவில்லையே. என் பெரியப்பா வீட்டுக் கூடத்தில் நவநீத கிருஷ்ணன் படம் ஒன்று இருந்தது. கண்ணாடியின் பின்னால் வரைவது அது. புருவம், நகை, மணிமாலை போன்ற நுணுக்கங்களை முதலில் தீட்டி, உடம்பின் நிறத்தை அப்புறம் கொடுத்து, பின்னணியைக் கடைசியில் பூசுவார்கள். காகிதத்தில் வரைவதற்கு நேர்த் தலைகீழ். போன் வேலையும் அப்படித்தான் இல்லையா? கண்ணுக்குத் தெரிய வேண்டிய நிறம் முதலில், வெளிச்சம் ஊடுருவாமல் மறைக்கும் கறுப்போ வெள்ளையோ அதற்கு மேல். சுவருக்கு முதலில் அடித்து மறைந்துபோவதைத்தான் 'முதற்பூச்சு' என்று பழகியிருக்கிறோம். இங்கே முதலில் அடிப்பதுதான் முகம். அந்தச் சொல்லை இந்தத் தாளில் எங்கும் போட வேண்டாம்.

தாராவியிலிருந்து:

இது பெரிய உதவி, அண்ணா. முதற்பூச்சு என்று இரண்டு இடத்தில் எழுதியிருந்தேன், எடுத்துவிட்டேன்.

நேற்று வகுப்பில் மூன்று சொல்லையும் பலகையில் எழுதி, ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் என்று விரலால் தொட்டுக் காட்டச் சொன்னேன். உட்பூச்சுக்கு எல்லோரும் உள்பக்கத்தைத் தொட்டார்கள். அகக்குருவுக்கு யாரும் கையை நீட்டவில்லை. ரசத்துக்குச் சட்டென்று விரல் போனது பாட்டி வீட்டில் வளர்ந்த இரண்டு பேருக்குத்தான். மற்றவர்கள் 'ரசம் போன கண்ணாடி'யைப் பார்த்ததே இல்லை. அதனால் தாளில் 'பின்கண்ணாடி', 'உட்பூச்சு'. முதல் வரியில் 'கண்ணாடிக்கு ரசம் போடுவதுபோல' என்று ஓர் உவமை, பக்கத்திலேயே பேக் கிளாஸ். வெளிச்சத்தை மறைக்கும் இரண்டாவது பூச்சுக்குத் தற்போதைக்கு 'மறைப்பூச்சு' என்று வைத்திருக்கிறேன்.

மாட்டுங்காவிலிருந்து:

உட்பூச்சுக்கு உடன்படுகிறேன். பின்கண்ணாடிக்கு உடன்படவில்லை, அடுத்த பதிப்பு வரும்போது மறுபடி எழுதுவேன். மறைப்பூச்சில் ஒற்று மிகும், சரியாகவே போட்டிருக்கிறீர்கள். ஆனால் அதை 'மறைபூச்சு' என்று வினைத்தொகையாக்கினால் மறைத்த, மறைக்கின்ற, மறைக்கும் என்று முக்காலமும் அடங்கும். அச்சுக்குப் போகுமுன் யோசியுங்கள்.

தாராவியிலிருந்து:

ஐயா, இப்போதுதான் அச்சகத்திலிருந்து வருகிறேன். ஒற்றோடு போய்விட்டது.