காரை ஓடையில் கிடக்கும் உருண்டைக் கற்கள்: டைனோசர் முட்டையா, இல்லையா?

ஏரிக்கரை:
பெரம்பலூர் மாவட்டம் காரைப் பக்கம் மழை அரித்த ஓடையில் தேங்காய் அளவுக்கு உருண்டைக் கற்கள் கிடக்கின்றன. ஒன்று பாதியாக உடைந்திருக்கிறது. வெளியே பழுப்பு ஓடு, உள்ளே வளையம் வளையமாக, நடுவில் கருப்பாகக் கரு. 2020இல் குன்னம் ஏரியில் மண் எடுத்தபோது இதே மாதிரி வந்தவற்றையும் முட்டை இல்லை என்று சொல்லி முடித்துவிட்டார்கள். ஊர்க்காரன் சொன்னால் எடுபடாது போல.

கல்தச்சன்:
ஊர்க்காரரா இல்லையா என்பது பிரச்சினையே இல்லை, நீங்கள் சொன்ன அடையாளமே முட்டைக்கு எதிரானது. காரை மண் சுமார் 10 கோடி வருடத்துக்கு முந்தைய கடலடிச் சேறு, அதே ஓடையில் குனிந்து தேடினால் பெலம்னைட், அம்மோனைட் என்ற பழங்காலக் கணவாய் இனக் கடல் உயிரிகளின் புதைபடிவங்கள் கிடைக்கும். அந்தச் சேற்றில் ஒரு சிப்பியோ அம்மோனைட்டோ புதைந்து அழுகும்போது அதைச் சுற்றித் தண்ணீரின் வேதியியல் மாறி, கரைந்திருந்த சுண்ணாம்பு படிந்து சேற்றை இறுக்கும். உள்ளிருந்து வெளியே வளர்வதால்தான் வெங்காயம் மாதிரி அடுக்கு வருகிறது. மஞ்சள் கருவா இத்தனை கோடி வருடம் வட்டமாகவே நிற்கும்? புதைந்த முட்டைக்குள் பெரும்பாலும் மண்ணும் கால்சைட் என்ற சுண்ணாம்புப் படிகமும்தான் இருக்கும்.

ஏரிக்கரை:
மத்தியப் பிரதேசம் தார் மாவட்டத்தில் பாட்லியா ஊர் மக்கள் தலைமுறையாகக் குலதெய்வமாகக் கும்பிட்ட உருண்டைக் கல், டைனோசர் முட்டை என்று 2023இல் செய்தி வந்ததே? அதுவும் அதுவரை வெறும் கல்தான். கடல் என்கிறீர்கள், ஆற்று வெள்ளத்தில் செத்த விலங்கு அடித்துக்கொண்டு போய்க் கடலில் புதைவதில்லையா? பக்கத்துக் கல்லமேட்டில் டைனோசர் எலும்பு கிடைத்திருக்கிறது!

கல்தச்சன்:
கல்லமேடு வேறு காலம், வேறு மண். கடல் பின்வாங்கிய பிறகு ஆறு கொண்டுவந்து கொட்டிய படிவு அது. தார் பக்கத்து லமேட்டா என்ற பாறைப் படிவும் நிலத்தில் உண்டானதுதான், முட்டை அங்கே கிடைப்பதில் வியப்பில்லை. சடலம் மிதக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரே ஓடையில் சின்னதும் பெரியதுமாக, சிலது தட்டையாக, சிலது இரண்டு ஒட்டிக்கொண்டு இத்தனை முட்டை மிதந்து வருமா? உடைந்த விளிம்பைப் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். முட்டை என்றால் சில மில்லிமீட்டருக்குள் ஒரே சீரான தடிமனில் ஓடு, அதற்கும் உள்ளே இருக்கும் மண்ணுக்கும் நடுவே கத்தியால் கீறியது போன்ற எல்லை, மேற்பரப்பில் மூச்சுத் துளைகளோ நுண்ணிய புடைப்புகளோ இருக்கும்.

கரிசல்மண்:
இடையில் ஒன்று. வினிகர் ஊற்றிப் பார்த்தேன், நுரைத்தது, அதனால் முட்டை ஓடு என்று சிலர் வாதிடுவார்கள். சுண்ணாம்பு இருந்தால் உருண்டையும் நுரைக்கும், ஓடும் நுரைக்கும், அது எதையும் தீர்க்காது. சுண்ணாம்புப் பாறை பிளந்த முகத்தில் பெரணி இலை மாதிரி கருப்புக் கிளைகள் தெரிந்தால் இலைப் புதைபடிவம் என்று நம்புவதும் அப்படித்தான். நிஜ இலையில் நடு நரம்பும் அதிலிருந்து ஒழுங்காகப் பிரியும் நரம்புகளும் இருக்கும். மாங்கனீசு ஆக்சைடு விரிசலில் ஊறிப் படிந்தது என்றால் நரம்பே இருக்காது, கிளை விரிசல் போன போக்கில் போகும்.

ஆனால் கல்தச்சன், படத்தையும் பார்க்காமல் ‘இல்லை’ என்று அடித்துச் சொல்லும் வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. கல்லமேட்டில் கிடைத்த ப்ருஹத்காயோசாரஸ் என்ற டைனோசரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1980களில் யாதகிரி, அய்யாசாமி என்ற ஆய்வாளர்கள் விவரித்தார்கள், முதலில் ஊனுண்ணி என்றார்கள், பிறகு நீள்கழுத்து ராட்சதன் என்றானது, எலும்பே இல்லை கல்மரம் என்று சந்தேகித்தவர்களும் உண்டு. எலும்புகள் சிதைந்துபோனதால் யாராலும் திரும்ப எடுத்துப் பார்க்க முடியவில்லை. 2022இல் பழைய புகைப்படங்கள் வெளிவந்த பிறகுதான் எலும்பு என்ற தரப்புக்கு வலு வந்தது. பொருள் கையில் இருந்திருந்தால் இத்தனை வருடச் சண்டை எதற்கு?

கல்தச்சன்:
அதனால்தான் உடைக்காதீர்கள் என்கிறேன். முட்டை இல்லை என்பதில் மாற்றமில்லை, நடுவில் இருக்கும் கருப்பு அம்மோனைட்டாக இருந்தால் அதுவும் அசல் புதைபடிவம்தானே. சுத்தியல் எடுத்து முழு உருண்டைகளை உடைத்தால் அதுவும் போய்விடும்.

ஏரிக்கரை:
இதுவரை ஒன்றையும் உடைக்கவில்லை, உடைந்து கிடந்ததைத்தான் சொன்னேன். அதில் ஓட்டுக்கும் உள்ளே இருப்பதற்கும் நடுவே கோடு தெரிகிறது என்றுதான் இப்போதும் சொல்வேன். லென்ஸ் வைத்து விளிம்பைப் படம் எடுத்துப் போடுகிறேன், இடத்தையும் குறித்து வைக்கிறேன்.

கரிசல்மண்:
அளவு தெரிய பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வையுங்கள். கல் எந்த அடுக்கிலிருந்து உருண்டு வந்தது என்று கரையையும் சேர்த்து எடுங்கள்.