கிரியேட்டினின் 0.8 என்றால் எனக்கு ஒன்றுமில்லையா?

கேள்வி: மூத்தமகள்

அம்மாவுக்கு ஏ.டி.பி.கே.டி. என்னும் பரம்பரைச் சிறுநீரக நீர்க்கட்டி நோய். 52 வயதில் டயாலிசிஸ் தொடங்கியது. எனக்கு 31 வயது. இரண்டு சிறுநீரகங்களிலும் கட்டிகள் இருக்கின்றன, சிறுநீரகம் வடிகட்டும் கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் 0.8. "எல்லாம் நார்மல், அடுத்த வருடம் வாருங்கள்" என்று அனுப்பிவிடுகிறார்கள். அம்மாவிடமும் பல வருடங்கள் இதையேதான் சொன்னார்கள். கேட்கக் கேட்க எரிச்சல்தான் வருகிறது. என் நோய் வேகமாகப் போகுமா, மெதுவாகப் போகுமா என்று இப்போதே சொல்லும் ரத்தப் பரிசோதனையோ சிறுநீர்ப் பரிசோதனையோ உண்டா? சிறுநீரில் அளக்கும் அழற்சிப் புரதம் எம்.சி.பி.-1, ரத்தத்தில் அளக்கும் கோபெப்டின் என்றெல்லாம் படித்தேன்.

பதில்: குளிர்பெட்டி

சிறுநீர்ப் புரதங்களை அளக்கும் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன், மருத்துவர் அல்ல.

இந்த நோயில் கிரியேட்டினின் கடைசியாக வாய் திறக்கும் சாட்சி. கட்டிகள் பெருகும்போது மிச்சமுள்ள நெஃப்ரான்கள், அதாவது சிறுநீரகத்தின் வடிகட்டும் அலகுகள், கூடுதல் சுமையை ஏற்றுக்கொள்வதால் அந்த எண் பல்லாண்டுகள் அசையாது. அதற்குள் சிறுநீரகம் பெருத்துக்கொண்டே போகும். இந்த நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்த கிரிஸ்ப் ஆய்வு எம்.ஆர்.ஐ.யில் அளந்தபோது இரு சிறுநீரகங்களின் மொத்தக் கனஅளவு ஆண்டுக்குச் சராசரியாக 5 சதவீதத்துக்குச் சற்று மேல் கூடியது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இந்தக் கனஅளவை முன்கணிப்புக் குறியாக ஏற்றிருக்கிறது.

ஒரு கணக்கு. மொத்தக் கனஅளவு 720 மி.லி., உயரம் 1.60 மீட்டர் என்றால் மீட்டருக்கு 450 மி.லி. நோயின் வேகத்தை 1ஏ (மிக மெதுவு) முதல் 1இ (மிக வேகம்) வரை பிரிக்கும் மேயோ வகைப்பாடு 150இல் தொடங்கி, இந்த வயதுக்குள் இவ்வளவு வளர ஆண்டுக்கு எத்தனை சதவீதம் தேவை என்று பார்க்கிறது. 31 வயதில் அது ஏறத்தாழ 3.6, வகை 1சி. இதே 450 ஒருவருக்கு 50 வயதில் இருந்தால் 2.2தான், வகை 1பி. வயதைச் சேர்க்காமல் அளவை மட்டும் பார்த்துப் பயப்படுவதும் நிம்மதி அடைவதும் வீண்.

எம்.சி.பி.-1 பொய்யில்லை. நோய் வேகமாக முற்றுபவர்களிடம், குழுவாகப் பார்த்தால், அது அதிகம். ஆனால் தனி ஆளிடம் வந்தால் மெதுவானவர், வேகமானவர் இருவரின் எண்களும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிடுகின்றன. சிறுநீர் நீர்த்திருந்தால் எண் குறையும்; அதனால் சிறுநீரிலுள்ள கிரியேட்டினினால் வகுக்கிறோம். சிறுநீர்த் தொற்று இருந்தால் ஏறும். உறையவைத்த மாதிரியை எத்தனை முறை உருக்கினோம் என்பதைக்கூடக் குழாயின் மேல் எழுதிவைக்கிறோம். கோபெப்டினோ தண்ணீர் குடிக்காமல் வந்தாலே ஏறிவிடும். காசு கொடுத்து இவற்றைச் செய்யாதீர்கள். ஆய்வில் சேரச் சொல்லி யாராவது மாதிரி கேட்டால் தாராளமாகக் கொடுங்கள். முப்பது வருடம் கழித்து நடப்பதை இன்றைய சிறுநீரோடு ஒப்பிட, இன்றைய சிறுநீர் எங்காவது உறைந்திருக்க வேண்டுமே!

மரபணுச் சோதனை வேறு விஷயம். குடும்பத்தில் 55 வயதுக்குள் ஒருவருக்கு டயாலிசிஸ் என்றால் அநேகமாகப் பிறழ்ந்திருப்பது பி.கே.டி.1 என்னும் மரபணு. அதிலும் புரதம் பாதியில் அறுபடும் வகைப் பிறழ்வு என்றால் வேகம் கூடுதல்.

பதில்: வகை1டி

நான் நோயாளி. என் ஸ்கேன் அறிக்கையில் "இரு சிறுநீரகங்களும் பெரிதாகியுள்ளன" என்ற ஒரே வரிதான் இருந்தது. அதை வைத்து எதையும் கணக்கிட முடியாது. ஒவ்வொரு சிறுநீரகத்துக்கும் நீளம், அகலம், ஆழம் எழுதித் தரச் சொல்லுங்கள். மூன்றையும் பெருக்கி 0.52ஆல் பெருக்கினால் கனஅளவு தோராயமாக வந்துவிடும். எம்.ஆர்.ஐ. அல்லது சி.டி.யில் எடுத்த அளவுகளாக இருக்கட்டும். அந்தத் தாளோடு போனபிறகுதான் என் மருத்துவர் கட்டிகளின் வளர்ச்சியை மெதுவாக்கும் டோல்வாப்டான் மருந்து பற்றிப் பேச்செடுத்தார். ரத்த அழுத்தத்தையும் வீட்டில் பார்த்து எழுதிவையுங்கள். 35 வயதுக்குள் அது ஏறுவதே ஓர் எச்சரிக்கை.

மூத்தமகள்

இருவருக்கும் நன்றி. அளவுகளைக் கேட்டு வாங்குகிறேன். தம்பிக்கு 27 வயது. அல்ட்ராசவுண்டில் ஒன்றும் இல்லை. அவன் தப்பித்தான் என்று வீட்டில் கொண்டாடிவிட்டார்கள்.

குளிர்பெட்டி

கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். 40 வயதுக்குக் கீழே அல்ட்ராசவுண்ட் சுத்தமாக இருந்தாலும் முழு உறுதி கிடையாது. எம்.ஆர்.ஐ.யில் இரண்டிலும் சேர்த்து ஐந்துக்கும் குறைவான கட்டிகள் என்றால் அந்த வயதில் நோய் இல்லை என்றே கொள்ளலாம்.