பெரிய டேபிளில் ஒரே கிளிக் லிஸனர்: தேதி செல்லில் மட்டும் சிக்கல்

வணக்கம் நண்பர்களே. சரக்கு இருப்பைக் காட்டும் வலைப்பக்கம் (ஜாவாஸ்கிரிப்ட்), டேபிளில் 5,000 வரிசைகளுக்கு மேல். பட்டனுக்குப் பட்டன் தனி லிஸனர் (கிளிக் வந்ததும் ஓடும் கோட்) இருந்ததை எடுத்துவிட்டு, எல்லா வரிசைகளையும் உள்ளடக்கிய டிபாடியில் (tbody) ஒன்றே ஒன்று வைத்தேன். கிளிக் பபிள் ஆகி, அதாவது உள்ளே இருக்கும் உறுப்பிலிருந்து வெளி உறுப்புகளுக்கு ஏறி, மேலே வருவதால், புதிதாகச் சேரும் வரிசைகளுக்கும் அதுவே போதும். பட்டனுக்குள் ஐகானைத் தொட்டால் டார்கெட்டாக (கிளிக் விழுந்த உறுப்பாக) ஐகான்தான் வரும். அங்கிருந்து மேல்நோக்கித் தேடும் க்ளோசஸ்ட் (closest) போட்டுப் பட்டனைப் பிடித்துவிடுகிறேன். இதுவரை சரி.

தேதி செல்லில் உள்ள காலண்டர் ப்ளகின் (வெளியிலிருந்து எடுத்துச் சேர்த்த கோட்) ஸ்டாப்ப்ராபகேஷன் (stopPropagation) செய்து கிளிக் மேலே ஏறுவதைத் தடுப்பதால், கிளிக் டிபாடிக்கு வந்தே சேர்வதில்லை. கேப்சர் கட்டத்தில், அதாவது கிளிக் மேலிருந்து கீழே இறங்கும்போதே, கேட்டால் கிடைக்கிறது. ஆனால் என் கோட் முதலில் ஓடி வரிசையைத் திரும்ப வரைந்துவிடுவதால், காலண்டர் திறப்பதில்லை. செட்டைம்அவுட்டில் (setTimeout) என் கோடைச் சற்றுத் தள்ளிப்போடுவது ஒட்டுப்போட்ட வேலையாகத் தெரிகிறது. ப்ளகினில் கை வைக்காமல் இதைச் சமாளித்தவர்கள் வழி சொல்லுங்களேன். வரிசையைத் திரும்ப வரையாமல், அதன் கிளாஸை (தோற்றத்தைத் தீர்மானிக்கும் பெயரை) மட்டும் மாற்றினால் போதுமா?