கராஜில் தையல் அறை: 9,000 பிடியூவா, 18,000 பிடியூவா? (உப்புவெளி)

தையல்_உப்புவெளி:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு உப்புவெளியில், கடலில் இருந்து அரைக் கிலோமீற்றர் இருக்கும். வானை விற்ற பிறகு கராஜ் சும்மா கிடந்தது, அதனால் இரண்டு மெஷினையும் அங்கே இறக்கி பிளவுஸ், பாடசாலைச் சீருடை எல்லாம் தைக்கிறேன். 10 அடிக்கு 18 அடி, மேலே அஸ்பெஸ்டஸ் சீற், சீலிங் இல்லை, ரோலர் ஷட்டர் மேற்குப் பக்கம். கச்சான் (மேற்கில் இருந்து அடிக்கிற சூட்டுக் காற்று) தொடங்கினால் பகல் 12 மணிக்குப் பிறகு உள்ளே இருக்க ஏலாது. ஃபானைப் போட்டால் அது சூட்டுக் காற்றைத்தான் முகத்தில் அடிக்கிறது.

போன கிழமை ஒரு கூறைப் பிளவுஸுக்குக் கை பொருத்திக்கொண்டிருந்தேன், நாடியில் இருந்து ஒரு சொட்டு வியர்வை பட்டில் விழுந்து அப்படியே வட்டமாக ஊறிவிட்டது. துணி மிச்சம் இருந்தபடியால் அந்தக் கையைத் திரும்ப வெட்டித் தைத்துக் கொடுத்தேன். அன்றைக்கே ஏசி போடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

ஒரு கடையில் 9,000 பிடியூ (மணிக்கு எவ்வளவு சூட்டை ஏசி வெளியே எடுக்கும் என்ற கணக்கு) காணும் என்கிறார்கள், அடுத்த கடையில் 18,000க்குக் குறைந்தால் சரிவராது என்கிறார்கள். சுவரில் ஓட்டை போடாமல், சக்கரம் வைத்த போர்ட்டபிள் ஏசி ஒன்று வாங்கினால் என்ன என்று வீட்டுக்காரர் கேட்கிறார். இப்போது மாதம் 90 யூனிட் அளவில் கரண்ட் போகிறது. இரவில் அவருடைய மோட்டார் சைக்கிளும் இதற்குள்தான் நிற்கும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குளிர்_மெக்கானிக்:
தங்கச்சி, நான் இந்த வேலைதான் செய்கிறேன், நேரே சொல்கிறேன். இப்போது இருக்கிற நிலையில் அந்த இடத்துக்கு 18,000 போட்டாலும் பின்னேரம் 2 மணிக்குத் திணறும். சீலிங் அடித்து ஷட்டரை அடைத்தால் 12,000 பிடியூ இன்வெர்ட்டர் ஏசி தாராளம். ஆகவே முதல் காசு கூரைக்குப் போகட்டும்.

வெயில் நேரம் ஒரு கதிரையில் ஏறி சீற்றுக்குக் கீழே உள்ளங்கையைப் பிடித்துப் பாருங்கள். தொடாமலே அடுப்புக்கு மேலே பிடித்த மாதிரிச் சுடும். அந்தச் சூடு காற்று வழியாக இல்லாமல் நேராகவே உங்கள் தலையிலும் மேசையிலும் இறங்குகிறது, ஏசி எவ்வளவு குளிர்ந்த காற்றை ஊதினாலும் உச்சந்தலை காய்ந்துகொண்டுதான் இருக்கும். 8, 9 அடி உயரத்தில் சீலிங் அடித்து, அதற்கு மேலே அலுமினியத் தாள் ஒட்டிய ஃபோம் விரித்து, சீலிங்குக்கும் சீற்றுக்கும் நடுவில் இருக்கிற சூட்டுக் காற்று வெளியே போக இரண்டு பக்கமும் துவாரம் விடுங்கள். ஒன்று கவனம்: சீலிங் சட்டத்தைச் சுவரில் பூட்டச் சொல்லுங்கள். அஸ்பெஸ்டஸ் சீற்றைத் துளைக்கவோ வெட்டவோ விடாதீர்கள், அந்தத் தூசி நுரையீரலுக்குக் கூடாது.

ஷட்டரின் ஒவ்வொரு பட்டிக்கு நடுவிலும் காற்று வரும், அடியில் விரல் நுழையும். அதைத் திறக்கும் தேவை இல்லாவிட்டால் உள்ளே நாலு அங்குலம் தள்ளிப் பலகைத் தடுப்பு அடித்து அதில் ஒரு சின்னக் கதவு வையுங்கள். இப்போதைக்குக் காசு இல்லையென்றால் தடித்த படங்கு ஒன்றை மேலிருந்து நிலம் முட்டத் தொங்கவிட்டாலும் வித்தியாசம் தெரியும்.

போர்ட்டபிள் வேண்டவே வேண்டாம். ஒற்றைக் குழாய் வைத்தது உள்ளே இருக்கிற காற்றையே எடுத்துச் சூடாக்கி வெளியே தள்ளும். தள்ளிய அளவுக்கு வெளிக் கச்சான் காற்று ஷட்டர் இடுக்கு வழியாக உள்ளே வந்துதானே ஆகவேண்டும்.

அப்புறம், அயன் பெட்டியை எங்கே வைத்திருக்கிறீர்கள்? 1,000 வாட்ஸ் பெட்டி சூடேறுகிற நேரத்தில் மணிக்கு 3,400 பிடியூ கணக்கில் அறைக்குள் கொட்டும். 12,000 ஏசியில் கால் பங்குக்கு மேல் அதற்கே போய்விடும். ஒரு ஆள் இருந்து வேலை செய்தால் 400 அளவுதான். அயன் மேசையை விறாந்தைக்கு மாற்ற முடியுமா பாருங்கள்.

நிலாவெளி_ரூம்ஸ்:
அண்ணை சொன்னது எல்லாம் சரி, நான் உப்பைப் பற்றிச் சொல்கிறேன். நாங்கள் கடற்கரையில் மூன்று அறை வாடகைக்கு விடுகிறோம். முதல் போட்ட ஏசியின் வெளிப் பெட்டி கடலைப் பார்த்தபடி இருந்தது. மூன்றாம் வருஷம் பின்பக்கத்து அலுமினியத் தகட்டைத் தொட்டேன், வெள்ளை மாவு மாதிரி கையோடு உதிர்ந்து வந்தது. மெஷின் நல்லாக ஓடிக்கொண்டிருந்தாலும் சூட்டை வெளியே விடத் தகடு இல்லாமல் போனது.

வாங்கும்போது சுருள் செம்புக் குழாயா, தகட்டுக்கு நீலப் பூச்சோ பொன்னிறப் பூச்சோ இருக்கிறதா என்று பெட்டியைப் பிரித்துக் காட்டச் சொல்லிப் பாருங்கள். ஸ்டாண்டும் நட்டும் துரு ஏறாத எவர்சில்வரில் கேளுங்கள். மாதம் ஒருமுறை மெயின் சுவிச்சை நிறுத்திவிட்டு நல்ல தண்ணீரால் மெதுவாக அலசிவிடுங்கள், அழுத்தி அடித்தால் தகடு வளைந்துவிடும். கிணற்றுத் தண்ணீர் உவர் என்றால் குழாய்த் தண்ணீரைப் பாவியுங்கள்.

உங்களுக்குக் கிழக்கே கடல், மேற்கே கச்சானும் பின்னேர வெயிலும், அதனால் வடக்குச் சுவர்தான் நல்லது என்பேன். ஆனால் கச்சான் மாதங்களில் உச்சி வெயில் வடக்கே சாய்ந்துதான் நிற்கும், மேலே ஒரு சின்னத் தாழ்வாரம் இறக்குங்கள். காற்றோட்டத்தை மறைக்காமல் இறக்க வேண்டும்.

வயரிங்_உவர்மலை:
நான் மோட்டார் சைக்கிளைப் பற்றித்தான் எழுத வந்தேன், வேறு யாரும் அதைச் சொல்லவில்லை. இடுக்கெல்லாம் அடைத்த பிறகு அதை உள்ளே விடாதீர்கள் அக்கா. பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரம், நிலத்தோடு படிந்து நிற்கும், உங்கள் மெஷின் மோட்டரும் கால் மிதியும் நிலத்துக்குக் கிட்டத்தான் இருக்கின்றன. முன்பு ஷட்டர் இடுக்கால் காற்று வந்து போனது, இனி அந்த வழியும் இல்லை. உள்ளே வைத்து ஸ்டார்ட் பண்ணவும் கூடாது, புகையில் இருக்கிற காபன் மொனொக்சைட்டுக்கு மணமே கிடையாது. முற்றத்தில் ஒரு கொட்டில் போட்டு அதற்குள் நிறுத்தச் சொல்லுங்கள்.

ஏசிக்கு டிபியில் (வீட்டுப் பிரேக்கர் பெட்டியில்) இருந்து 2.5 சதுர மில்லிமீற்றர் வயரில் தனி லைன், தனி பிரேக்கர், நல்ல எர்த். கராஜில் இருக்கிற பழைய பிளக்கில் இருந்து இழுக்க விடாதீர்கள். இரவில் லைட் மங்குகிற பகுதி என்றால் ஸ்டெபிலைசரும் வேண்டும்.

தையல்_உப்புவெளி:
மூன்று பேருக்கும் மிச்சம் நன்றி. அயன் பெட்டி என் காலடியிலேயே இருக்கிறது, காலையில் இருந்து பின்னேரம் வரை சுவிச் போட்டபடிதான். அதை இன்றைக்கே விறாந்தைக்கு மாற்றுகிறேன். மோட்டார் சைக்கிள் விஷயத்தையும் இவருக்கு வாசித்துக் காட்டினேன், கொட்டில் போடுகிறேன் என்கிறார். கரண்ட் பில் மட்டும்தான் பயமாக இருக்கிறது.

குளிர்_மெக்கானிக்:
12,000 பெட்டி முழு வேகத்தில் ஓடினால் மணிக்கு ஒரு யூனிட் அளவு. இன்வெர்ட்டர் என்றால் அறை குளிர்ந்த பிறகு வேகத்தைக் குறைத்துவிடும், சீலிங் நல்லாக இருந்தால் 6 மணித்தியாலத்துக்கு 4 யூனிட் என்று வையுங்கள். மாதம் 25 நாள் என்றால் 100 யூனிட். உங்கள் 90ஐயும் கூட்டினால் 180ஐத் தாண்டுகிறது, அதற்கு மேலே போகிற ஒவ்வொரு யூனிட்டும் ஆகக் கூடின விலையில் விழும். அதனால் 26 டிகிரியில் வைத்துக்கொண்டு ஃபானையும் மெதுவாகச் சுற்ற விடுங்கள். காலையில் வெட்டு வேலை, எம்பிராய்டரி வேலையை ஃபானோடு முடித்துவிட்டு 11 மணிக்குப் பிறகு ஏசியைப் போட்டாலே காணும்.

இன்னொன்று தங்கச்சி, தையல் அறை ஏசிக்கு நூல் தூசிதான் எதிரி. பெரியகடைப் பக்கம் ஒரு தையல் கடையில் குளிர் வரவில்லை என்று கூப்பிட்டார்கள், போய் ஃபில்டரைக் கழற்றினேன், கம்பளித் துண்டு மாதிரி முழுசாக உரிந்து வந்தது. காஸ் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இரண்டு கிழமைக்கு ஒருமுறை கழற்றிக் கழுவி, நிழலில் காயவிட்டுப் போடுங்கள். உள் பெட்டியையும் வெட்டு மேசைக்கு நேர் மேலே பூட்ட விடாதீர்கள். தண்ணீர்க் குழாய் அடைத்தால் அது பட்டில்தான் சொட்டும்.