சிங்கப்பூர் – நியூயார்க்: அப்பாவின் செவ்வாய்க்கிழமை மாத்திரை

வயதானவரை சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு நேரடி விமானத்தில் கூட்டிப்போகலாமா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். ஜனவரியில் 74 வயது அப்பாவோடு போய்வந்தேன், அதைச் சொல்கிறேன்.

ஆகக் குறுகிய வழியில் தூரம் 15,300 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். இரண்டு ஊரும் பூமியில் ஏறக்குறைய எதிரெதிர்ப் பக்கம் இருப்பதால் அந்த வழி வட துருவத்தை ஒட்டிப் போகும். எங்கள் விமானமோ ஜப்பானைத் தாண்டி பசிபிக் மேலே போனது. குளிர்காலத்தில் அந்த உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே காற்று பலமாக அடிக்கும். சுற்றிப் போனாலும் அது பின்னாலிருந்து தள்ளுவதால் நேரம் மிச்சம். திரும்பும்போதும் கிழக்கு நோக்கியேதான் வந்தோம்: அட்லாண்டிக், ஐரோப்பா, இந்தியா, வங்கக்கடல். "அப்போ உலகத்தையே ஒரு சுத்து சுத்திட்டோமாம்மா?" என்று அப்பா இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

போகும்போது 18 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு, வரும்போது பதினெட்டரை. இந்த ஏ350 விமானத்தில் 161 இருக்கைதான், எகானமி வகுப்பே கிடையாது. டிக்கெட் விலை கையைக் கடிக்கும். ஆனால் நடு இரவில் வேறொரு ஊரில் இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு அப்பாவை நடக்க வைக்கவேண்டாம் என்பது எனக்குப் பெரிய நிம்மதி. நடைபாதை ஓர இருக்கை, காலுக்கு இறுக்கமான நீளக் காலுறை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சமையல் பகுதி வரை ஒரு நடை. கால் வீங்கவில்லை.

வெள்ளி நள்ளிரவுக்கு முன் கிளம்பினோம், சனி விடியற்காலை இறங்கினோம். ஆனால் கிழக்கே சூரியனை எதிர்கொண்டு பறந்ததால் நடுவில் ஜன்னலில் சூரியன் உதித்து, நாலைந்து மணி நேரத்தில் மறைந்தும் போனது.

நான் தடுமாறியது திரும்பும்போதுதான். திங்கள் இரவு 9 மணிக்கு அப்பா பிரஷர் மாத்திரை போட்டார். பத்தரைக்கு விமானம். சிங்கப்பூரில் இறங்கியபோது புதன் காலை 6 மணி. வீட்டுக்கு வந்து, கிழமை போட்ட மாத்திரை டப்பாவைத் திறந்தால் செவ்வாய்க்கான மாத்திரை அப்படியே இருக்கிறது! அப்பா முகம் வெளுத்துவிட்டது. ஒரு நாள் விட்டுப்போச்சே என்று எனக்கும் பதறியது.

கிளம்புமுன் டாக்டர் சொன்னது அப்புறம்தான் ஞாபகம் வந்தது: "கிழமையைப் பார்க்காதீங்க, மணியை எண்ணுங்க." நியூயார்க்கைவிட நாம் அப்போது 13 மணி நேரம் முன்னால். விரல் விட்டு எண்ணினேன். கடைசி மாத்திரை போட்டு இறங்கும்போது 20 மணி நேரம்தான் ஆகியிருந்தது. எதுவும் விட்டுப்போகவில்லை.

இட்லி சாப்பிட வைத்து, புதன் காலை 10 மணிக்குச் செவ்வாய்க்கிழமை மாத்திரையைக் கொடுத்தேன். தம்பி, உங்கள் வீட்டுப் பெரியவருக்கு இன்சுலின் உண்டென்றால் டிக்கெட் போடுமுன்னே டாக்டரிடம் நேரக் கணக்கை எழுதி வாங்கிவிடுங்கள். மருந்து கைப்பையிலேயே இருக்கட்டும்.